லீ இரட்டைக்குழி அலுமினிய அச்சு: சூடேறும் முன் குறை சொல்லாதீர்கள்

லீ நிறுவனத்தின் இரட்டைக்குழி அலுமினிய அச்சைப் பற்றி, ஈயத்தில் துப்பாக்கிக் குண்டு வார்ப்பவர்களிடம் இரண்டு விதமான பேச்சு உண்டு. கொடுத்த காசுக்கு மேலேயே உழைக்கிறது என்பார் ஒருவர். மலிவுச் சரக்கு, குண்டெல்லாம் சுருங்கிச் சுருங்கி விழுகிறது என்பார் இன்னொருவர். இருவர் கையிலும் இருப்பது ஒரே அச்சுதான். முதலாமவர் அச்சை நன்றாகச் சூடாக்கிவிட்டு வார்க்கிறார். மற்றவர் ஆறிக் கிடக்கும் கட்டையில் ஈயத்தை ஊற்றிவிட்டு அச்சைத் திட்டுகிறார். ஆகவே இந்த மதிப்புரையில் அச்சைவிடச் சூட்டைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

பெட்டிக்குள் என்ன வருகிறது என்பதைச் சட்டென்று சொல்லிவிடலாம். இரண்டு அலுமினியக் கட்டைகள், மேலே எஃகால் ஆன ஸ்ப்ரூ தட்டு, மரக் கைப்பிடி. ஸ்ப்ரூ தட்டின் துளை வழியேதான் ஈயத்தை ஊற்றுவோம். துளைக்கு மேலே மிஞ்சி உறையும் ஈயம்தான் ஸ்ப்ரூ, தட்டைத் திருப்பினால் அது வெட்டுப்படும். இரட்டைக்குழி மாடல்களில் கைப்பிடி கூடவே வந்துவிடும். ஆறுகுழி அச்சுக்கு அதைத் தனியாக வாங்க வேண்டும். மாடல் பெயரில் உள்ள எண்களைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். 358-158-ஆர்எஃப் என்றால் குண்டின் விட்டம் 0.358 அங்குலம், எடை 158 கிரெய்ன், அதாவது சுமார் 10.2 கிராம், முனை வட்டமாக வந்து நுனியில் தட்டையாக முடியும். எடை எந்தக் கலவையை ஊற்றுகிறோம் என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். சுத்த ஈயம் கனமாக விழும். ஆன்டிமனி என்ற உலோகமும் வெள்ளீயமும் ஏற ஏற எடை இறங்கும்.

குழிகள் ஒழுங்காகவே கடையப்பட்டிருக்கின்றன. இரண்டு பாதிகளும் மூடும்போது வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நடுவில் ஒளிக்கோடு தெரியக் கூடாது. தெரிந்தால் பெரும்பாலும் ஓரத்தில் எழும்பி நிற்கும் ஒரு சின்னப் பிசிறுதான் காரணம். நகத்தால் தடவினாலே தட்டுப்படும். அதை மட்டும் மெல்லத் தேய்த்து எடுத்தால் போதும். குழிக்குள் எஃகுக் கருவி எதையும் விடாதீர்கள், அலுமினியம் உடனே கீறிக்கொள்ளும்.

இனி சூடு. அச்சு வேலை செய்யும் வெப்பநிலை ஏறக்குறைய 175 முதல் 230 டிகிரி செல்சியஸ். அதற்குக் கீழே இருந்தால் உள்ளே போகும் ஈயம் குழியின் சுவரைத் தொட்டதுமே தோல் கட்டிவிடும். பின்னால் வரும் ஈயம் அந்தத் தோலோடு சேராமல் அதன்மேல் மடிந்து உட்காரும். அந்த மடிப்பைத்தான் குண்டில் சுருக்கமாகப் பார்க்கிறோம். கூர்மையாக விழ வேண்டிய அடிவிளிம்பு மழுங்கி உருண்டு போவதற்கும், மசகு பூசக் குண்டைச் சுற்றி விட்டிருக்கும் பள்ளங்களின் மூலைகள் நிரம்பாததற்கும் காரணம் அதுவே.

அப்படியானால் வார்த்துக்கொண்டே போனால் அச்சு தானாகச் சூடாகிவிடாதா? ஆகும், எத்தனை ஊற்றில் ஆகும் என்பதுதான் கேள்வி. அச்சுக்கட்டை 200 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அலுமினியத்தின் வெப்பக் கொள்ளளவு கிராமுக்கு 0.9 ஜூல். எனவே கட்டையை ஒரு டிகிரி ஏற்ற 180 ஜூல் வேண்டும். ஒரு தடவை ஊற்றும்போது இரண்டு குண்டும் ஸ்ப்ரூவும் சேர்ந்து 28 கிராம் ஈயம் உள்ளே போகிறது. 370 டிகிரியில் இருந்து அது ஆறி உறையும்போது விடுகிற வெப்பம் 1,300 முதல் 1,800 ஜூல் வரைதான். ஆக ஓர் ஊற்றுக்குக் கட்டை ஏழிலிருந்து பத்து டிகிரி ஏறும், அதுவும் நடுவில் காற்றுக்கு எதுவும் போகாவிட்டால். அறைச் சூட்டிலிருந்து 200 டிகிரிக்கு வர எப்படியும் இருபது ஊற்று ஆகிவிடும். தயங்கித் தயங்கி ஊற்றுபவருக்கு முப்பதுக்கு மேலும் போகும், சில சமயம் சூடு வந்தே சேராது. ஒவ்வொரு குண்டையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில், ஏறிய பத்து டிகிரி இறங்கிப் போய்விடும்.

அலுமினியத்துக்கு இங்கே ஒரு தனிக் குணம் உண்டு. அதே அளவுள்ள இரும்புக் கட்டையோடு ஒப்பிட்டால் அது பிடித்து வைக்கும் வெப்பம் மூன்றில் இரண்டு பங்குதான். வெப்பத்தைக் கடத்துவதோ இரும்பைவிட மிக வேகம். சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறும். ஆர்சிபிஎஸ் போன்றவர்களின் இரும்பு அச்சில் பழகியவர் அலுமினியத்துக்கு வந்தால் முதலில் தடுமாறுவது இதனால்தான். இரும்பு அச்சு ஒரு தடவை சூடேறிவிட்டால் நடுவில் உலையில் ஈயம் சேர்த்து, கசடு அள்ளிவிட்டுத் திரும்பும் வரை தாங்கும். அலுமினியம் காத்திருக்காது. பித்தளை அச்சு வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் இரும்புக்குப் பக்கத்தில் வரும், பரப்புவதிலும் கெட்டி. விலையும் எடையும்தான் இடிக்கும்.

அச்சைச் சூடாக்க லீயின் கையேடு சொல்லும் வழி, கட்டையின் ஒரு மூலையை உருகிய ஈயத்தில் முக்கிப் பிடிப்பது. முதலில் ஈயம் அதில் ஒட்டி உறையும். ஒட்டியது உருகி வழிந்து, ஈயம் மூலையில் ஒட்டாமல் சுத்தமாக விலகும்போது சூடு வந்துவிட்டது என்று அர்த்தம். செலவில்லாத வழி, கரண்டியால் ஊற்றுபவருக்கு வசதியானதும்கூட. ஆனால் ஈயத்தில் முங்கிய மூலை ஒரு சூட்டிலும் எதிர்மூலை வேறு சூட்டிலும் நிற்கும். மேற்பரப்பில் மிதக்கும் கசடு கட்டையில் அப்பிக்கொள்ளும். அடியில் துளை வழியே ஊற்றும் 4 அங்குல விட்ட உலையில், ஈயம் விளிம்பு வரை இருந்தாலொழிய கைப்பிடியோடு அச்சைச் சாய்த்து முக்க இடம் போதாது. இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் ஈரம். கழுவிய அச்சில் காற்று வெளியேற இருக்கும் மெல்லிய கோடுகளில் ஒரு துளி நீர் தங்கியிருந்து, அதை உருகிய ஈயத்துக்குள் விட்டால், நீர் ஒரு நொடியில் ஆவியாகி ஈயத்தை முகத்துக்கு வீசியடிக்கும். முக்கித்தான் ஆக வேண்டும் என்றால் அச்சை முதலில் உலையின் விளிம்பில் பத்து நிமிடம் வைத்து முழுக்கக் காய விடுங்கள். அந்த விளிம்புச் சூடு ஈரத்தைப் போக்கப் போதும், வார்க்கப் போதாது.

எரிவாயுச் சுடரைக் கட்டையில் காட்டுவது வேண்டவே வேண்டாம். சுடர் படும் இடம் ஒரு பக்கமாக எகிறும். அளவுக்கு மீறிச் சூடான அலுமினியம் தன் கடினத்தை இழக்கும். கட்டை ஒரு தடவை வளைந்துவிட்டால் இரண்டு பாதிகளும் பிறகு ஒன்றுசேரவே சேராது.

சரியான விடை ஹாட் பிளேட். இந்த அச்சோடு சேர்த்து வேறு ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால், விலை உயர்ந்த உலையை விட்டுவிட்டு ஒற்றைச் சுருள் மின் அடுப்பைத்தான் வாங்கச் சொல்வேன். ஆயிரம் வாட் போதும். அப்படியே சுருளின் மேல் அச்சை வைக்கக் கூடாது, சுருள் படும் கோடு மட்டும் சிவக்கச் சூடாகும். மேலே 3 மில்லிமீட்டர் தடிமன் உள்ள எஃகுத் தகடு ஒன்றைப் போடுங்கள். தேய்ந்துபோன வட்ட ரம்பத் தகடும் இதற்கு நன்றாகவே உதவும். தகரப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருக்க ஒரு பக்கம் வெட்டிவிட்டால் சின்ன அடுப்பறை தயார். மரக் கைப்பிடி பெட்டிக்கு வெளியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கருகும்.

அச்சை மூடி, ஸ்ப்ரூ தட்டையும் மூடிய நிலையில் வைத்து, அடுப்பின் சூட்டுத் திருகை நடுவுக்குக் கீழே வைத்துத் தொடங்குங்கள். பதினைந்திலிருந்து இருபது நிமிடம் பிடிக்கும். உலையில் ஈயம் உருகும் நேரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் என்பதால் இரண்டையும் ஒன்றாக ஏற்றிவிடலாம். வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பி இருந்தால் எஃகுத் தகட்டின் மேல் அச்சுக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல் வைத்துப் பாருங்கள். 200 காட்டும் இடத்தில் திருகின் மேல் பென்சிலால் ஒரு கோடு. அடுத்த முறை தெர்மாமீட்டரே தேவைப்படாது.

துப்பாக்கி வடிவில் வரும் அகச்சிவப்பு வெப்பமானியை இந்த வேலைக்கு நம்பிவிடாதீர்கள். பளபளக்கும் அலுமினியம் தன் வெப்பத்தைக் கதிராக வெளிவிடுவது மிகக் குறைவு. 200 டிகிரியில் இருக்கும் கட்டையை அந்தக் கருவி வெதுவெதுப்பானது என்று காட்டும். அதை நம்பி அடுப்பைக் கூட்டினால் அச்சு பாழ். கட்டையின் பக்கவாட்டில் ஓரிடத்தில் தீக்குச்சிக் கரி படிய விட்டு அந்தக் கறுப்பின் மேல் குறிவைத்தால் ஓரளவு சரியாகச் சொல்லும்.

பலரும் மறந்துவிடுவது ஸ்ப்ரூ தட்டை. கட்டை சூடாக இருந்தும் தட்டு ஆறியிருந்தால் துளையின் வாயிலேயே ஈயம் உறைந்து அடைத்துக்கொள்ளும். உள்ளே குண்டு உறையும்போது சுருங்கும். அந்தக் குறையை ஈடுகட்ட மேலிருந்து ஈயம் இறங்க வேண்டும், இறங்க வழியில்லை. விளைவு, குண்டின் அடியில் ஒரு பொத்தல், அல்லது அடிவிளிம்பு உருண்டை. முனை பளிச்சென்று நிரம்பியிருக்க அடி மட்டும் சொத்தையாக இருந்தால் சந்தேகமே வேண்டாம், குற்றவாளி தட்டுதான். ஒவ்வொரு துளையின் மேலும் தாராளமாகக் குட்டை போலத் தேங்கும் அளவுக்கு ஊற்றுங்கள். இரண்டு குட்டைகளும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டால் நல்லதே. அந்த ஈயம் தட்டைச் சூடாக வைத்திருக்கும், எப்படியும் உலைக்கே திரும்பப் போகிறது.

அச்சின் சூட்டைச் சொல்லும் கருவியும் அந்தக் குட்டையில்தான் இருக்கிறது. ஊற்றி முடித்ததும் அதையே பாருங்கள். முதலில் கண்ணாடி போல் மின்னும். பிறகு ஓரத்தில் ஒரு மங்கல் தொடங்கி நடுவை நோக்கி நகரும். நடுவில் துளைக்கு நேர் மேலே மெல்ல ஒரு குழிவு விழும். உள்ளே குண்டு ஈயத்தை உறிஞ்சிக்கொள்கிறது என்று பொருள். கடைசியில் முழுப்பரப்பும் ஒரே நிறமாகி நிற்கும். ஊற்றி நிறுத்தியதிலிருந்து இந்த நிறமாற்றம் வரை மூன்று முதல் ஐந்து நொடி ஆனால் அச்சு சரியான சூட்டில் இருக்கிறது. ஊற்றிய கணமே உறைந்தால் குளிர். எட்டு, பத்து நொடிக்கு மேலும் கூழாகவே நின்றால் சூடு மிஞ்சிவிட்டது. நிறம் மாறிய பிறகும் இரண்டு மூன்று நொடி விட்டே தட்டைத் திருப்புங்கள். அவசரப்பட்டால் கூழான ஈயம் தட்டுக்கும் கட்டைக்கும் நடுவே வெண்ணெய் தடவியது போல் இழுபட்டு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டியதைக் கத்தியால் சுரண்டக் கூடாது. அச்சு சூடாக இருக்கும்போதே மூங்கில் குச்சியால் அழுத்தித் தேய்த்தால் உருண்டு வந்துவிடும்.

குண்டைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் முறை இன்னும் சுலபம். பளபளவென்று மின்னி, சுருக்கமும் இருந்தால் அச்சு குளிர். மின்னி, விளிம்புகள் கூர்மையாக இருந்தால் அதுவே தேவை. மேலே மெல்லிதாகச் சாம்பல் பூத்தது போல் இருந்தால் சூடு கொஞ்சம் தூக்கல், ஆனால் கவலை வேண்டாம். ஆன்டிமனி உள்ள கலவை மெதுவாக உறையும்போது மேற்பரப்பில் படிகம் தெரிவதுதான் அந்த மங்கல். சுடும்போது அதனால் ஒரு குறையும் வராது. அலுமினிய அச்சில் இந்த மெல்லிய பூப்பு வரும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே வேலை செய்வது பாதுகாப்பான பழக்கம் என்பது என் கணிப்பு. பூப்பு திட்டுத்திட்டாகக் கறுத்து, சொரசொரப்பாகி, குண்டின் நடுவே பிசிறும் தொங்கினால் அது வேறு கதை. அப்போது ஊற்றும் வேகத்தைக் குறையுங்கள், அல்லது திறந்த அச்சை சின்ன மின்விசிறிக்கு முன்னால் பத்து நொடி காட்டுங்கள். ஈரத்துணியில் தொட்டு ஆற்றுபவர்கள் இருக்கிறார்கள். உருகிய ஈயத்துக்குப் பக்கத்தில் ஈரம் இருப்பதையே நான் ஒப்பமாட்டேன்.

சூடேற்றிய பிறகும் சுருக்கம் போகவில்லையா? எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். குளிரால் வரும் சுருக்கம் ஊற்றுக்கு ஊற்று இடம் மாறும், சூடு ஏற ஏறக் குறையும். ஒரே இடத்தில் விடாப்பிடியாக நிற்கும் சுருக்கம் எண்ணெயால் வருவது. புது அச்சில் கடைசலின்போது பூசிய எண்ணெய் ஒட்டியிருக்கும். பாத்திரம் கழுவும் திரவம், வெந்நீர், பழைய பல்துலக்கும் பிரஷ் ஆகியவற்றால் நன்றாகத் தேய்த்து, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, முழுக்க உலர விடுங்கள். ஆல்கஹாலை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்கிற வேலை அல்ல இது. அதன்பின் குழிகளுக்குக் கரி ஏற்றச் சொல்கிறது லீ. தீக்குச்சியையோ லைட்டரையோ குழிக்குக் கீழே பிடித்தால் மெல்லிய கறுப்புப் படலம் படியும். அது ஈயம் ஓடவும் குண்டு விடுபடவும் உதவும். கனமாகப் படிய விட்டால் குண்டின் விட்டம் அந்த அளவுக்குக் குறையும். சூடு சரியாக இருந்தால் கரி இல்லாமலே நன்றாக விழுகிறது என்பதும் உண்மை.

ஸ்ப்ரூ தட்டின் அடியிலும் கீல் ஆணியிலும் பஞ்சுக் குச்சியால் தொட்டுவைத்த அளவுக்குச் செயற்கை டூ ஸ்ட்ரோக் எஞ்சின் எண்ணெய் போட்டால் ஈயம் ஒட்டாது, உலோகம் உரசித் தேயாது. தொட்டுவைத்த அளவு என்றால் தொட்டுவைத்த அளவுதான். வழிய விட்டால் சூட்டில் அது ஊர்ந்து குழிக்குள் இறங்கும், கழுவிய வேலை வீண். சூட்டில் தட்டின் திருகு தளரும் என்பதால் இருபது முப்பது ஊற்றுக்கு ஒரு தடவை பாருங்கள். அச்சைச் சாய்த்தால் தட்டு தன் எடையில் திரும்ப வேண்டும். கட்டைக்கும் அதற்கும் இடைவெளி தெரியக் கூடாது.

குளிர் அச்சுக்கு மருந்தாக உலையின் சூட்டை ஏற்றுவது பலர் செய்யும் தவறு. உருகும் ஈயத்தின் சூடு வேறு, அச்சின் சூடு வேறு. ஈயம் 327 டிகிரியில் உருகும். சாதாரணக் கலவைக்கு உலை 350 முதல் 380 வரை இருந்தால் தாராளம். 400-ஐத் தாண்டினால் வெள்ளீயம் மேற்பரப்பில் வேகமாகக் கசடாகும். குழியின் மூலைமுடுக்கெல்லாம் ஈயம் நிரம்புவதற்குச் சேர்த்த சரக்கே வீணாகிப்போகும். வெள்ளீயம் இரண்டு சதவீதம் இருந்தால் நிரப்புதல் நன்றாக இருக்கும். குண்டு வார்ப்பவர்கள் பயன்படுத்தும் லைமன் எண் 2 கலவையில் 90 பங்கு ஈயம், 5 வெள்ளீயம், 5 ஆன்டிமனி. பழைய அச்சுக்கூடத்து லினோடைப்பில் 84, 4, 12. லினோடைப் குறைந்த சூட்டிலேயே உருகி நீர் போல் ஓடும். அதை ஊற்றும்போது அச்சு கொஞ்சம் குளிர்ந்திருந்தாலும் மன்னிக்கும். சுத்த ஈயம் மன்னிக்காது. சூடும் சரி, எண்ணெயும் இல்லை, அப்படியும் குண்டு கஞ்சி காய்ச்சியது போல் விழுகிறதென்றால் கலவையில் துத்தநாகம் கலந்திருக்கலாம். வண்டிச் சக்கரங்களைச் சமன் செய்யப் பொருத்தும் சக்கர எடைகளைப் பார்க்காமல் உருக்கினால் வரும் வினை அது. துத்தநாகம் உருகுவது 419 டிகிரியில். உலையை 370-க்கு மேல் போகாமல் வைத்து உருக்கினால் துத்தநாக எடைகள் உருகாமல் மிதக்கும், அள்ளி எறியலாம்.

அதே கட்டையில் சின்னக் குண்டு வார்த்தால் சூடு நிற்காது. 55 கிரெய்ன் குண்டுக்கு மூச்சுவிடாமல் ஊற்ற வேண்டும், நடுநடுவே ஹாட் பிளேட்டில் வைக்கவும் வேண்டும். 400 கிரெய்னுக்கு மேற்பட்ட குண்டில் பிரச்சினை தலைகீழ், பத்து ஊற்றிலேயே அச்சு கொதிக்கும். 158 கிரெய்ன் இரட்டைக்குழிக்கு நிமிடத்துக்கு மூன்று ஊற்று என்பது நல்ல தாளம். ஆய்வெல்லாம் கடைசியில். விழுவதை எல்லாம் மெத்தென்ற துணியில் விழ விட்டு ஊற்றிக்கொண்டே போங்கள். ஒட்டிக்கொள்ளும் குண்டுக்கு, கைப்பிடியின் கீல் ஆணியில் மரச்சுத்தியால் ஒரு தட்டு. கட்டையைத் தட்டக் கூடாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஸ்ப்ரூ தட்டைக் குளிர்ந்த நிலையில் வம்பாகத் திருப்பினால் கட்டையின் மேற்பரப்பு கீறிக்கொள்கிறது, அலுமினியத்தில் அந்தக் கீறல் நிரந்தரம். கைப்பிடி சிறியது, பெரிய கைக்கு ஒரு மணி நேரத்தில் வலிக்கும். பாதிகளைப் பொருத்த ஆணியும் அது நுழையும் புஷ்ஷும் வைத்த புதிய வடிவம் பழைய வி பள்ள வடிவத்தைவிட நேராக மூடுகிறது, பழையதை இரண்டாம் கையாக வாங்குவோர் அந்தப் பள்ளங்கள் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நூறு இருநூறு குண்டுக்கு இந்த அச்சு போதும். ஆயிரக்கணக்கில் வேண்டுமென்றால் ஆறுகுழியே சரி, ஆனால் அதற்கு ஹாட் பிளேட் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். அவ்வளவு உலோகத்தை ஊற்றி ஊற்றிச் சூடாக்க முயன்றால் உலை காலியாகிவிடும்.

குண்டு வார்க்க உரிமம் கேட்கும் நாடுகள் உண்டு, வாங்கும் முன் சட்டத்தைப் பாருங்கள். வேலைக்குக் காற்றோட்டம், கண்ணாடி, கையுறை, மூடிய காலணி வேண்டும். ஈயம் உடம்புக்குள் போவது பெரும்பாலும் கசடின் தூளும் கையும் வாயும் சேர்ந்துதான், கை கழுவாமல் தண்ணீர்கூடக் குடிக்காதீர்கள்.

முடிக்கும்போது கடைசி ஊற்றின் ஸ்ப்ரூவை வெட்டாமல் குண்டோடு அச்சை மூடியே ஆற விடுங்கள். குழிகள் தூசு படாமல் இருக்கும், பாதிகள் நேராக நிற்கும். இரும்பு அச்சென்றால் துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூச வேண்டும், அடுத்த முறை அதைக் கழுவ வேண்டும். அலுமினியத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. அப்படியே எடுத்து ஹாட் பிளேட்டில் பென்சில் கோட்டுக்குத் திருகிவிட்டு, ஈயம் உருகுவதற்குக் காத்திருக்கலாம்.